வாங்க வராத படங்கள்

புத்தளம், பாலாவி, நுரைச்சோலை, கற்பிட்டிப் பக்கங்களில் ஸ்டூடியோ நடத்தியவர்களுக்கும், இன்னும் நடத்துகிறவர்களுக்கும், கடையைப் பொறுப்பேற்ற அவர்கள் பிள்ளைகளுக்கும் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஒரு திறந்த மடல்

நானாமாரே, அண்ணன்மாரே,

உங்கள் எல்லோருடைய கடையிலும் ஒரு லாச்சி உண்டு. கழுவி, பிரின்ட் போட்டு, நெகட்டிவை நான்கு நான்காக வெட்டிச் செருகி, உறைமேல் பெயரும் திகதியும் மிகுதிப் பணமும் எழுதி வைத்த படங்கள் அதில் கிடக்கின்றன. கொடுத்தவர் வாங்க வரவில்லை. பெருநாளைக்கு வருவார், வெங்காயம் விற்றதும் வருவார் என்று நீங்களும் வைத்திருந்தீர்கள். டிஜிட்டல் கெமரா வந்தது. பிறகு போனே கெமரா ஆகிவிட்டது. ரோல் கழுவிய மெஷின் இரும்பு விலைக்குப் போனது. லாச்சியை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

இந்தப் பக்கம் கடையை மூடிய ஒருவர் தன் லாச்சியை அப்படியே ஒரு சப்பாத்துப் பெட்டியில் கொட்டி என்னிடம் தந்தார். பெயர் போடவேண்டாம் என்றார். எரிக்க மனம் வரவில்லையாம், வைத்திருக்க இடமும் இல்லையாம். நான் படம் பிடிக்கிறவன் அல்ல, பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன். பழைய காகிதம் எதுவானாலும் என் தலையில் கட்டிவிடுவது ஊர் வழக்கம். இந்த முறை வந்தது எனக்குப் பெரிய விருந்து. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரே ஓர் உறையை விரித்துச் சொல்கிறேன். மேலே எழுதிய பெயர் மை கரைந்து போயிருக்கிறது. கரையாமல் இருந்தாலும் இங்கே எழுதமாட்டேன்.

36 படச் சுருள். முதல் படம் பாதி எரிந்துவிட்டது. ரோல் மாட்டும்போது வெளிச்சம் பட்டால் வருமே, அந்தச் செம்மஞ்சள். மற்றப் பாதியில் கிடுகு வேலியும், அதில் காயும் ஒரு சிறுவனின் வெள்ளைப் பள்ளிக்கூடக் காற்சட்டையும். அடுத்த படத்தில் ஒரு டொல்பின் வேன், அதன் முன்னால் பெரியவர்களும் சிறியவர்களுமாக ஒரு கூட்டம். வேனின் இலக்கத் தகட்டில் ஸ்ரீயும் இல்லை, ஆங்கில எழுத்தும் இல்லை. வெறும் எண்கள்தான். ஆங்கில எழுத்துத் தகடு 2000இல் வந்தது, டொல்பின் வேன் இங்கே ஓடத் தொடங்கியது அதற்குப் பத்து வருடத்துக்குள் முன்னால். ஆகவே படம் தொண்ணூறுகளாக இருக்கலாம். எல்லோரும் பெருநாள் உடுப்பில் நிற்கிறார்கள். நடுவில் நிற்கும் பெண்ணின் கையில் மட்டும் ஒரு புதிய தோல் பை இருக்கிறது.

அந்தப் பை என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குவைத்தோ, சவூதியோ, எங்கோ ஒரு வீட்டு வேலைக்குப் போகிறார். மற்றவர்கள் கட்டுநாயக்க வரை அனுப்பிவைக்கப் போகிறார்கள்.

இதை நான் சுற்றுலாப் படம் என்றே எண்ணுகிறேன். அப்படிச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். தாராளமாகச் சொல்லலாம். ஓர் உம்மா வெளிநாடு போவதற்கு வேன் பிடித்தால், வேனில் இடம் இருக்கிறவரை ஆள் ஏறும். மாமி ஏறுவார், சாச்சாவின் மகன் ஏறுவான், விமானம் பார்த்திராத பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஏறிக்கொள்ளும். பாலாவி, சிலாபம், நீர்கொழும்பு என்று போகிற வழியில் எங்காவது ஒரு கரையில் நிறுத்திச் சோற்றுப் பார்சல் அவிழ்ப்பார்கள். கண்டி வாவியையும் நுவரெலியாவையும் நாட்காட்டியில் மட்டுமே பார்த்த பல குடும்பங்கள், எல்லோரும் சேர்ந்து தூரப் பயணம் போனது அந்த ஒரு நாள்தான். அழுவதற்காகப் புறப்பட்ட பயணம், வழியில் சுற்றுலாவாகிவிடும். நம்முடைய கரையில் பிடிக்கப்பட்ட விடுமுறைப் படங்களில் பாதியாவது இந்த வகை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்தச் சுருளும் அப்படித்தான். தென்னந்தோப்பில் வாழையிலைப் பார்சல்கள். ஒரு பையன் கோழிக்காலைத் தூக்கிக் காட்டுகிறான். கடற்கரையில் சிறுமிகள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்குள் நிற்கிறார்கள். வீட்டுக்குப் பின்னாலேயே கடல் இருக்கிற பிள்ளைகள், நீர்கொழும்புக் கடலை அப்போதுதான் கடல் காண்பது மாதிரிக் காண்கிறார்கள். அந்த உம்மா எந்தப் படத்திலும் கெமராவைப் பார்க்கவில்லை. ஒன்றில் இடப்பக்கம் பார்க்கிறார், இன்னொன்றில் கீழே. பிறகுதான் பிடிபட்டது, ஒவ்வொரு படத்திலும் அவர் கண் போகிற இடத்தில் கடைசிப் பிள்ளை நிற்கிறது. விமான நிலையத்தில் எடுத்ததில் அவர் இல்லை. கண்ணாடியில் ஃபிளாஷ் பட்ட வெள்ளை வட்டமும், அதைச் சுற்றி நம் ஆட்களின் முதுகுகளும்தான் இருக்கின்றன.

அதன் பிறகு வரும் படம் வேறொரு மாதம். பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள், ஒருத்திக்கு முன்பல் விழுந்திருக்கிறது. ரோல் விலையும் கழுவும் விலையும் இருந்த இருப்பில் ஒரு சுருளை ஒரே நாளில் முடிக்க யாருக்கும் கைவராது. மீதியைப் பெருநாளுக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, நாற்காலியில் ஒரு புதிய ரேடியோ கசெட்டை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதன் இரு பக்கமும் நிற்கிறார்கள். ரேடியோவுக்குத்தான் நடு இடம். உம்மா அனுப்பிய காசில் வாங்கியது என்று உம்மாவுக்கே காட்டுகிற படம். கடிதத்தோடு குவைத்துக்கோ ரியாதுக்கோ போகவேண்டியது, லாச்சியில் தங்கிவிட்டது.

ஏன் வாங்க வரவில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும். மிகுதிப் பணம் சேரவில்லையா, கழுவக் கொடுத்த சாச்சா வேறு ஊருக்குப் போய்விட்டாரா, பற்றுச்சீட்டு தொலைந்ததால் கேட்க வெட்கப்பட்டார்களா, எதுவும் நடந்திருக்கலாம்.

அந்தப் படங்களை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். சொந்த அல்பத்தை இப்படிப் பார்த்ததே இல்லை. சொந்த அல்பத்தைத் திறந்தால் முதலில் நம் முகத்தைத் தேடுவோம். அது நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். அடுத்து மௌத்தானவர்கள் வருவார்கள். அதற்கடுத்து, காணிப் பிரச்சினையில் பேசாமல் போன மச்சான் சிரித்துக்கொண்டு நிற்பார். நம் அல்பத்தில் சண்டையும் சேர்த்துத்தான் ஒட்டியிருக்கிறது. யாரோ ஒருவரின் அல்பத்தில் நமக்குப் பங்கும் இல்லை, பகையும் இல்லை. கண் தன் பாட்டுக்கு மேயும். சுவர் நாட்காட்டியில் எந்த மாதம், கிணற்றுக் கட்டில் காயும் மாசிக்கருவாடு, முழங்கைக்கு மேலே சுருட்டிய சட்டை, கழற்றி வரிசையாக வைத்த செருப்புகள். படம் பிடித்தவர் காட்ட நினைத்தது நடுவில் நிற்கிறது, அவர் நினைக்காமலே மாட்டிக்கொண்டதுதான் எனக்குப் பிடித்தது.

திகதி கண்டுபிடிக்கிற விளையாட்டு ஒன்றும் இருக்கிறது. புகைப்படக்காரர்களான உங்களுக்கு இது தெரிந்திருக்கும், உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நம் கற்பிட்டிக் குடாநாட்டுக் கடற்கரைப் படத்தில் முதுகுப்பக்கம் காற்றாலை சுழன்றால் அது 2010ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோதான். தூரத்தில் புகைபோக்கி தெரிந்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையம் எழும்பிய பின், அது 2011இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. இரண்டும் இல்லாமல் வெறும் தென்னையும் வாடிகளும் என்றால் முந்தியது. பெல்பொட்டம் கால்சட்டை எழுபதுகள். மூலையில் செம்மஞ்சள் எண்களில் திகதி விழுந்திருந்தால் அதை நம்பாதீர்கள். புதிய பட்டரி போட்டவர்களில் எத்தனை பேர் அதைச் சரிசெய்தார்கள்?

உங்கள் பின்திரைகளையும் சொல்லாமல் விடமுடியாது. கடற்கரை ஊர் ஸ்டூடியோவில், துணியில் வரைந்த ஒரு கடல். அதற்குமுன் வந்து நின்று படம் பிடித்துக்கொண்டவர்கள் மீன்பிடிக்காரர்கள், வலையை உதறிவிட்டு நேரே வந்தவர்கள். பனிமலை, தாஜ்மஹால், ரோஜாத் தோட்டம், ஊஞ்சல் என்று எல்லாமே பத்தடி அறைக்குள். நடந்து போகக்கூடிய தூரத்தில் நிஜக் கடல் இருக்க, காசு கொடுத்து வரைந்த கடலுக்கு முன்னால் நிற்கிற மனிதரை எனக்கு நன்றாக விளங்குகிறது. நிஜக் கடல் வேலைத்தளம். வரைந்த கடலில்தான் விடுமுறை கொண்டாட முடியும்.

உலகத்தில் பல பேருக்கு இந்தப் பித்து உண்டு. தொமா சொவான் என்ற பிரெஞ்சுக்காரர் 2009 முதல் பெய்ஜிங்கின் வடக்கு ஓரத்திலுள்ள ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் நெகட்டிவ்களை நிறுத்து, கிலோக் கணக்கில் வாங்கினார். எக்ஸ்ரே பிலிம்களோடு சேர்த்து வெள்ளி எடுப்பதற்காக அந்த வியாபாரி வாங்கிக் குவித்தவை அவை. இன்று சொவானிடம் அரை மில்லியனுக்கு மேல் இருக்கிறது, பெரும்பாலும் 1985 முதல் டிஜிட்டல் வரும்வரை சீனத்துச் சாதாரணக் குடும்பங்கள் எடுத்த படங்கள். கடற்கரையிலும் பூங்காவிலும் நிற்கிறார்கள், வீட்டில் புதுக் குளிர்சாதனப் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டும் நிற்கிறார்கள். அப்படிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு பெண்ணையும் நம் ரேடியோப் பிள்ளைகளையும் ஒரே மேசையில் வைத்தால் சாச்சி மகள் என்று சொல்லிவிடலாம்.

பாரிஸில் லீ ஷுல்மன் என்பவர் 2017இல் ஒரு பெட்டி பழைய கலர் ஸ்லைடுகளை வாங்கினார். அதிலிருந்து பிறந்தது ‘அநாமதேயத் திட்டம்’ என்ற பெரிய சேகரம். ஊர் பேர் தெரியாத குடும்பங்கள் காரின் முன்னாலும் கூடாரத்தின் முன்னாலும் நிற்கிற ஸ்லைடுகள், பல கொடாக்குரோம். 1935இல் சந்தைக்கு வந்து 2009இல் நிறுத்தப்பட்ட அந்தப் பிலிமின் சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. பிரித்தானியப் புகைப்படக்காரர் மார்ட்டின் பார், தம்முடைய புகழ்பெற்ற விடுமுறைப் படங்களை இந்த அநாமதேயப் படங்களோடு ஜோடி சேர்த்து 2021இல் ஒரு புத்தகமே போட்டார். எது யாருடையது என்று பிரிப்பது சுலபமில்லை. தொழில் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வெயில் ஒரே மாதிரித்தான் அடித்திருக்கிறது.

பெய்ஜிங்கிலும் பாரிஸிலும் யாரோ ஒருவரின் படம் யாரோ ஒருவரின் படமாகவே இருந்துவிடலாம். ரசிப்பதோடு கதை முடியும். நம் கரையில் அது முடியாது என்பதால்தான் உங்களுக்கு இதை எழுதவேண்டி வந்தது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசம். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் கடற்கரைக்குக் கொண்டுவரப்பட்டு வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். மொத்தம் சுமார் 75,000 பேர், அதில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. நகையும் காசும் பறிக்கப்பட்ட கணக்கைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அல்பம் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவசரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தவரே அரிது. அரிசியா, குழந்தையின் துணியா, அல்பமா என்றால் யார் எதை எடுப்பார்?

ஆகவே, இங்கே வந்து கிடுகுக் கொட்டிலில் குந்தியிருந்தவர்கள் தங்கள் முகத்தைப் படத்தில் மறுபடி பார்த்தது பெரும்பாலும் உங்கள் கடையில்தான். அடையாள அட்டைக்கு, பாஸ்போட்டுக்கு, பிறகு மெல்ல ஒரு கல்யாணத்துக்கு, அதற்கும் பிறகு ஒரு பயணத்துக்கு. பல குடும்பங்களின் படச் சரித்திரம் உங்கள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது.

அவர்களுடைய தொண்ணூறுக்கு முந்திய படங்களும் உங்களிடம் இருக்கும், அவை வேறு ஆட்களின் உறைகளில் இருக்கும். விடுமுறைப் படம் எதுவும் ஒரு குடும்பத்தை மட்டும் பிடிப்பதில்லை. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நீர்கொழும்பு, சிலாபம், மன்னார் என்று நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து மரத்தடியில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். கூடாரத்துக்கு முன்னால் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் நின்று படம் பிடித்தால், அதன் ஓரத்தில் வளையல்காரர் இருப்பார், கடலைக்காரர் இருப்பார், தொப்பி போட்ட ஒரு வியாபாரி தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தக் குடும்பத்துக்கு அவர் குறுக்கே விழுந்த ஆள். வேறெங்கோ இருக்கிற ஒரு வீட்டாருக்கு அவரைக் காட்டுகிற படம் அது ஒன்றாகவே இருக்கக்கூடும்.

அப்படி ஒரு படம் பெட்டியில் இருந்தது. மன்னாரிலிருந்து தொண்ணூறில் வந்து எங்கள் பக்கத்தில் குடியிருக்கும் மூத்தம்மா ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருடைய கணவர் திருவிழாக்களுக்குப் போய் யாவாரம் செய்தவர், அவருடைய படம் ஒன்றும் வீட்டில் இல்லை. மூத்தம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இது அவரில்ல வாப்பா” என்றார். நான் படத்தைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன், அவர் விடவில்லை. தராசுக்காரருக்குப் பின்னால், பாதி முகம் வெட்டுப்பட்டு நின்ற ஐஸ்பழக்காரரில் விரலை வைத்தார். அவர் எங்கட ஊர் ஆள், சைக்கிளில் மணியடித்து வருவார், நோன்பு காலத்தில் மட்டும் பேரீச்சம்பழம் விற்பார், கடன் கொடுத்துவிட்டுக் கேட்கமாட்டார் என்று தொடங்கி, அஸர் பாங்கு சொல்லும்வரை அந்தத் தெருவையே ஒவ்வொரு வீடாக நடந்து காட்டினார். கணவரைத் தேடி வந்த படத்தில் ஓர் ஊர் கிடைத்தது. அந்த ஐஸ்பழக்காரரின் பிள்ளைகள் இப்போது எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

படம் என்பது பொழுதுபோக்கு மட்டும் அல்ல என்பதை இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரின் போராட்டத்தில் அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் இருப்பது ஒரு படம்தான்.

தொலைந்த படங்களைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஜப்பானைக் காட்டலாம். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பின், இடிபாடுகளில் தேடியவர்கள் படங்களையும் அல்பங்களையும் தனியாக எடுத்து வைத்தார்கள். மியாகி மாகாணத்தின் யமமோட்டோ என்ற சிறிய ஊரில் மட்டும் சுமார் ஏழரை லட்சம் படங்கள் சேர்ந்தன. தொண்டர்கள் சேற்றைக் கழுவி, காயவைத்து, நகல் எடுத்து, பொதுக் கட்டடங்களில் பரப்பி வைத்தார்கள், ஆட்கள் வந்து தேடி எடுத்துப் போனார்கள். ரிக்கோ நிறுவனம் தனியாக நடத்திய வேலையில் நான்கு லட்சத்துக்கு மேல் சேர்ந்தன, அவற்றில் சுமார் 90,000 படங்கள் உரியவர்களின் கைக்குப் போயின. ஐந்தில் ஒன்று. குறைவு என்று தோன்றலாம். வீட்டையே இழந்தவருக்கு ஒரே ஒரு படம் கிடைத்தால் அவர் விகிதம் பார்ப்பாரா?

நமக்கு அவர்களைவிட வசதி அதிகம். அவர்களுக்குச் சேற்றில் கிடைத்தவற்றில் பலவற்றுக்குப் பெயர் இல்லை. உங்கள் உறையில் இலக்கம் இருக்கிறது. அதே இலக்கம் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் இருக்கிறது, அடிக்கட்டையில் பெயரும் சில வேளை ஊரும் இருக்கிறது. ஆகவே, முதல் வேண்டுகோள் படங்களைப் பற்றியது அல்ல. பழைய பற்றுச்சீட்டுப் புத்தகங்களை எரிக்காதீர்கள். கறையான் தின்றதையும் எரிக்காதீர்கள்.

உறையிலிருந்து படத்தைப் பிரிக்காதீர்கள். அழகான படங்களை மட்டும் பொறுக்கி எடுத்து மற்றதை வீசுகிற ஆசை எல்லோருக்கும் வரும். வீசப் பார்க்கிற மங்கல் படத்தில்தான் வேனின் இலக்கம் இருக்கும். பின்பக்கத்தில் எழுதுவதானால் பென்சில். ஸ்டிக்கர் அல்பத்தில், அந்தப் பசை வரிப் பக்கங்களில், புதிதாக எதையும் ஒட்டவேண்டாம். பசை மஞ்சளாகிப் படத்தையும் கூட்டிக்கொண்டு போகும். புளித்த வினாகிரி வாடை வீசும் பழைய நெகட்டிவ் இருந்தால் உடனே தனியாக எடுத்து வையுங்கள், அந்த வாடை பக்கத்து நெகட்டிவையும் பழுதாக்கும். ஒன்றோடொன்று ஒட்டிப்போன பிரின்ட்களை இழுக்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் சற்று ஊறவிட்டால் பல வேளை தானாகக் கழன்று வரும், பட முகத்தை விரலால் தேய்க்காமல் இருந்தால் போதும். இருட்டறையில் பாதி வாழ்நாளைக் கழித்த உங்களுக்கு வாத்தியார் ஒருவன் இதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால், பெட்டியைத் திறக்கப்போவது நீங்கள் அல்ல, ரோல் என்றால் என்னவென்று அறியாத உங்கள் பேரப்பிள்ளைகள்.

பழைய சாமான்காரர் வந்து நெகட்டிவுக்கு விலை சொன்னால், அதில் வெள்ளி தங்கியிருப்பது கறுப்பு வெள்ளையில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். கலரில் இருந்தது கழுவிய தண்ணீரோடு எப்போதோ போய்விட்டது. நூறு இருநூறு ரூபாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது சற்றுக் கஷ்டமான விஷயம். இளைஞர்களிடம் இதைச் சொன்னால் உடனே “ஸ்கேன் பண்ணி முகநூலில் போடுவோம் சேர், ஒரே நாளில் ஆள் அகப்படும்” என்கிறார்கள். அகப்படும்தான். ஆனால், போடக்கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. எழுபதுகளில் எண்பதுகளில் சாரித் தலைப்பை லேசாகத் தலையில் போட்டுக்கொண்டு கடற்கரையில் சிரித்து நின்ற பெண்கள் இன்று உம்மும்மாக்கள், அபாயாவும் அணிகிறார்கள். அன்றைய சிரிப்பை வீட்டாருக்குக் காட்ட அவர்களுக்குச் சம்மதம் இருக்கலாம், ஊருக்கே காட்டச் சம்மதமா என்று நாம் கேட்கவில்லையே. கட்டாமல் விட்ட சம்பந்தங்கள், பிறகு பிரிந்த ஜோடிகள் எல்லாம் அந்த உறைகளில் இருக்கின்றன. ஓர் ஊரின் பழைய விடுமுறைகளை முகநூலில் கொட்டினால் ரசிப்பவரைவிட வம்பு பேசுபவருக்கே தீனி.

வீட்டில் படம் வைத்திருப்பதே மார்க்கத்துக்கு ஆகாது என்று கருதி அல்பத்தைக் கிழித்தவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வந்து தம் படத்தைக் கேட்டால், கிழிப்பதற்கு என்று தெரிந்தாலும் கொடுத்துவிடுங்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, வயிறு எரியும். இருந்தாலும் படத்தில் இருக்கிற முகம் அவருடையது, வயிறு மட்டும்தான் என்னுடையது.

ஆகவே, என் யோசனை பழைய முறைதான், மேசை போடுவோம். ஊர்ப் பொது மண்டபத்தில் ஒரு நாள் பெண்களுக்கு மட்டும், ஒரு நாள் எல்லோருக்கும். கைப்போனை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும். உறைகளை ஊர்வாரியாகவும் வருடவாரியாகவும் பரப்பலாம். தலவிலத் திருவிழாப் படங்களை ஆகஸ்டில் தலவிலவிலேயே வைக்கலாம். நீர்கொழும்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வருகிறவர்கள் அங்கேதான் வருவார்கள், திருத்தலத்தாரிடம் கேட்டுப் பார்ப்போம். தங்கள் படத்தைக் கண்டவர்கள் எடுத்துக்கொண்டு போகட்டும். ஓரத்தில் நிற்கும் ஒருவரைக் கண்டவர்களுக்கு ஒரு கொப்பி போட்டுக் கொடுப்போம்.

உரியவர் கடைசிவரை வராத படங்களுக்கு வேறு வழி பார்க்கலாம். யாழ்ப்பாணத்தை மையமாகக் கொண்ட நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வருகிறது, படங்களுக்கும் இடம் வைத்திருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களுக்குப் போய், பிரித்தானிய நூலகத்தின் உதவித் திட்டத்தோடு அவர்களின் பிளேட்டுகளையும் நெகட்டிவ்களையும் நகல் எடுத்துப் பாதுகாத்தார்கள். எடுத்ததை வைத்து ஆராய்ச்சியும் நடக்கிறது. நம் பக்கத்து ஸ்டூடியோக்களை யாரும் அப்படிக் கதவு தட்டி நான் காணவில்லை. பெரிய பட்டணத்து ஸ்டூடியோ என்றால் சரித்திரம், கற்பிட்டி வீதிக் கடை என்றால் குப்பை என்று யாராவது நினைத்தால் அவரைக் கூட்டி வாருங்கள், ரேடியோப் பிள்ளைகளைக் காட்டுகிறேன்.

இந்தப் பக்கம் இப்போது கடலில் காற்றாடி பிடித்துச் சறுக்க வெள்ளைக்காரர் வருகிறார்கள், டொல்பின் பார்க்கக் கொழும்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இந்த முறை டொல்பின் வேனில்லை, நிஜ டொல்பின். ஒரு காலை நேரத்தில் ஆளுக்கு நூறு இருநூறு படம் எடுக்கிறார்கள். அவற்றில் ஒன்றும் ஒரு லாச்சியிலும் தங்காது. போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். அடுத்த தலைமுறையில் என்னைப் போல ஒருவனுக்குச் சப்பாத்துப் பெட்டி கிடைக்காது. அது அவர்கள் பாடு.

என்னால் ஆவது இவ்வளவு. ஸ்கேனர் ஒன்று இருக்கிறது, நெகட்டிவும் எடுக்கும், மெதுவாகத்தான் எடுக்கும். சிங்களத்தில் எழுதிய உறைகளை வாசிக்க ஓர் உதவியாளர் இருக்கிறார். படங்களை நீங்கள் தரவேண்டியதில்லை, உங்கள் கடையிலேயே இருந்து வேலை செய்வோம், பிளேன்டி மட்டும் உங்கள் பொறுப்பு. வெங்காயம் கிண்டி முடிகிறவரை எங்கள் ஊரில் யாரையும் எதற்கும் கூப்பிட முடியாது. அது முடிந்ததும் பாலாவியிலிருந்து தொடங்கிக் கற்பிட்டி வரை ஒவ்வொரு கடையாக வருகிறேன். லாச்சிச் சாவி எங்கே என்று இப்போதே தேடத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
குறிஞ்சிப்பிட்டி வாத்தியார்